வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகம்

சென்னைக் கடற்கரைச் சாலையில் நிற்கும் செனட் மண்டபத்தை ராபர்ட் சிஷோம் 1874இல் தொடங்கி 1879இல் முடித்தார். மூலைக்கொரு கோபுரம், வண்ணக் கண்ணாடி பதித்த சாளரங்கள், உள்ளே ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய கூடம். பல்கலைக்கழகத்தின் முகமாகவே ஆகிவிட்ட இக்கட்டடத்தைப் பாடம் நடத்துவதற்காக யாரும் கட்டவில்லை. செனட் கூடவும், பட்டமளிப்பு விழா நடத்தவும், தேர்வு எழுத வைக்கவும் கட்டினார்கள். அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த வேலை அவ்வளவுதான். ஒரு பேராசிரியர்கூட அதன் சம்பளப் பட்டியலில் இல்லை.

இது பணத் தட்டுப்பாட்டால் வந்த குறையன்று. திட்டமே அப்படி. 1854இல் சார்ல்ஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுக்கும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் காட்டியது. 1836இல் சாசனம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகம் பாடம் சொல்லித் தரவில்லை. யூனிவர்சிட்டி காலேஜ், கிங்ஸ் காலேஜ் போன்றவை சொல்லித் தந்தன. பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. அந்த ஏற்பாடுதான் கப்பலேறி இங்கே வந்தது. 1857இல் கல்கத்தா ஜனவரியிலும் பம்பாய் ஜூலையிலும் சென்னை செப்டம்பர் 5ஆம் தேதியும் சட்டம் பெற்றன. இலக்கியம், அறிவியல், கலை ஆகியவற்றில் யார் தேர்ச்சி அடைந்தவர் என்பதைத் தேர்வின் மூலம் கண்டறிவதே அச்சட்டங்களின் முகப்பில் சொல்லப்பட்ட நோக்கம். அறிவை வளர்ப்பது, ஆராய்வது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பு, 1839 நவம்பரில், சுமார் எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் கொடுத்திருந்தார். சென்னை மக்கள் கேட்டது கற்பிக்கும் நிறுவனத்தை. அதன் விளைவாக உயர்நிலைப் பள்ளி வந்தது. அது வளர்ந்து மாநிலக் கல்லூரியும் ஆனது. ஆனால் ‘பல்கலைக்கழகம்’ என்ற பெயரோடு வந்து இறங்கியது, வினாத்தாளும் சான்றிதழும் வழங்கும் ஓர் அலுவலகம். கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினை, தமிழ்நாட்டில் படிப்பு என்பதன் பழக்கவழக்கங்களை எப்படி வார்த்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அது வெறும் கேடு என்ற முடிவுக்கு நான் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் பட்டதாரிகளையே எடுத்துக்கொள்வோம். சி. வை. தாமோதரம் பிள்ளை, கறல் விசுவநாத பிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்தார். 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். அவர்களுடைய கல்வி முழுதும் அங்கே முடிந்துவிட்டது. செமினரியும் 1855இல் மூடப்பட்டுவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கொடுத்தது முத்திரையை மட்டுமே. இதில் ஒரு வசதி உண்டு: எங்கே படித்தாய் என்று தேர்வுத்தாள் கேட்பதில்லை. கடல் கடந்து வந்தவன் முதலிடத்தில் உட்காரலாம். ஆனால் தாமோதரம் பிள்ளையை நாம் இன்று நினைப்பது பி.ஏ.வுக்காகவா? வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887. ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு, அச்சேற்றிய இந்த உழைப்பெல்லாம் அரசாங்க வேலைக்கு நடுவிலும் ஓய்வுக்குப் பிறகும் தாமாக எடுத்துக்கொண்டது. அவருக்குப் பட்டம் கொடுத்த நிறுவனத்தில் அந்த உழைப்புக்கு ஒரு நாற்காலி கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழின் மிகப் பெரிய ஆராய்ச்சிப் பணி, பல்கலைக்கழகம் இருந்த அதே ஊரில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்தது. உ. வே. சாமிநாதையர் கதையும் இதுவே. பட்டமில்லாத அவர் கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசுக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்துகொண்டு பதிப்பித்தார். பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டம் கொடுத்து மரியாதை செய்தது.

வினாத்தாள் வெளியிலிருந்து வரும்போது வகுப்பறையில் என்ன நடக்கும்? ஆசிரியர் தாம் அறிந்ததில் சிறந்ததைச் சொல்லமாட்டார், கேட்கக்கூடியதைச் சொல்வார். மாணவருக்கும் அதுதான் வேண்டும். பாடத்திட்டம் தொடக்கப் புள்ளி என்ற நிலை போய் எல்லைக் கோடாகிவிடும். ‘இது சிலபஸில் இல்லையே சார்’ என்ற வாக்கியத்தைக் கேட்காத கல்லூரி ஆசிரியர் நம்மில் யாரும் இல்லை. இதை மாணவரின் சோம்பேறித்தனம் என்று வைவது சுலபம். உண்மையில் அது அந்த அமைப்பைச் சரியாகப் புரிந்துகொண்டவரின் கேள்வி. நோட்ஸ், கைடு, ஐந்து வருட வினாத்தாள் தொகுப்பு, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை எல்லாம் இந்தப் பிரிவினையின் பிள்ளைகள். நோட்ஸ் வியாபாரம் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு ரொம்ப மூத்தது. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிகள் இருந்த காலத்திலேயே பாடநூலைப் படிக்காமல் அதன் சுருக்கத்தை உருப்போடுகிறார்கள் என்று அதிகாரிகள் புலம்பினார்கள். தேர்வுக்குப் போய்வந்ததே ஒரு தகுதியாகி, ‘பி.ஏ. பெயில்’ என்று பெயருக்குப் பின்னால் எழுதிக்கொண்டவர்கள் பற்றிய கேலிகள் அந்தக் காலத்தவை. கேலிக்கு உரியதா என்பது வேறு, எஃப்.ஏ. தாண்டி பி.ஏ. வரை போனவன் என்பதற்கு வேலைச் சந்தையில் விலை இருந்தது.

ராமானுஜன் விஷயத்தை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் ‘மேதையை அறியாத தேர்வு’ என்ற கதை பாதிதான். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தோல்வி. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை. பாதிக் கதை இதுவரைக்கும்.

மறுபாதி 1913இல் வருகிறது. வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், ராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் எஃப்.ஏ.கூட இல்லை. ஆனாலும் மாதம் 75 ரூபாய் இரண்டு வருடத்துக்குக் கொடுக்க முடிவானது. பதிலுக்கு அவர் செய்ய வேண்டியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தருவது. மறு வருடம் இங்கிலாந்து போக ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்ததும் இதே பல்கலைக்கழகம். தேர்வு என்னும் இயந்திரம் இருமுறை வெளியே தள்ளிய ஆளை அதே நிறுவனத்திலிருந்த மனிதர்கள் விதியை வளைத்து உள்ளே இழுத்தார்கள். 1857இல் பிறந்த வடிவத்துக்குள் இன்னொரு பல்கலைக்கழகம் முளைவிட்ட தருணம் என்று இதைச் சொல்லலாம். அதற்குச் சட்ட வழி ஏற்கெனவே திறந்திருந்தது. வைஸ்ராய் கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுச் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை நியமிக்கவும் கற்பிக்கவும் இடம் கொடுத்தது. அந்தச் சட்டத்தை அன்றைய தேசியவாதிகள் அரசாங்கக் கட்டுப்பாட்டைக் கூட்டுவது என்று எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. இருந்தாலும் கதவு அங்கேதான் திறந்தது. லண்டனோ 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கற்பிக்கும் பல்கலைக்கழகமாக மாறத் தொடங்கிவிட்டிருந்தது. தாய் வீட்டில் கைவிட்ட வழக்கத்தைப் புகுந்த வீட்டில் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

திறந்த கதவின் வழியே வந்தவர்களில் எனக்கு முக்கியமானவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இந்தியப் பொருளாதாரம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, புத்தகங்களும் போதவில்லை. அவர் எடுத்த முடிவு எளிமையானது. மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரையே ஆராய்ந்து எழுதி வாருங்கள் என்றார். நிலம் யாரிடம், குத்தகை என்ன, பண்ணையாளுக்குக் கூலி எவ்வளவு நெல், கடன் யாரிடம், வட்டி என்ன. 1918இல் அவர் பதிப்பித்த ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற ஆங்கில நூலின் பெரும்பகுதி அப்படி வந்தது. தமிழ்ப் பகுதியில் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டு தூசி, தஞ்சை பாலக்குறிச்சி, திருநெல்வேலி கங்கைகொண்டான், ராமநாதபுரம் வடமலாபுரம்.

எந்த வினாத்தாளும் கேட்காத கேள்விக்கு மாணவர்கள் எழுதிய விடைகள் இவை. அதனால்தான் நூறாண்டாக உயிரோடு இருக்கின்றன. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அதே ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பி 1940இல் மறு ஆய்வை வெளியிட்டார்கள். பின்னர் எஸ். குகன், ஜோன் மென்ச்சர் போன்றோர் 1980களில் போனார்கள். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டின் 1916 முதல் 2008 வரையிலான கதையை நிலம், உழைப்பு, சாதி அரசியல் என்று பிரித்து எழுதினார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு உலகத்தில் எத்தனை இடத்தில் கிடைக்கும்? அடித்தளம் போட்டவர்கள் விடுமுறைக்கு ஊர் போன கல்லூரிப் பிள்ளைகள். ஸ்லேட்டரின் இனவியல் கருத்துகள் சில இன்று படிக்கக் கூசும். அவற்றைத் தள்ளிவிட்டாலும் அவருடைய கற்பிக்கும் முறை நிற்கும்.

ஆனால் அது பரவவில்லை. காரணம் மறுபடியும் அமைப்புதான். புதிதாக வந்த ஆராய்ச்சித் துறைகள் கடற்கரை வளாகத்தில் தனியாக இருந்தன. பெரும்பாலான மாணவர்கள் படித்தது இணைப்புக் கல்லூரிகளில். ஆராய்கிறவர் இங்கே, கற்பவர் அங்கே என்று இரண்டாவது பிரிவினை ஒன்று இப்படி உண்டாயிற்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த தமிழ் லெக்சிகன் இந்தத் தனி வளாகத்தின் பெருமைகளில் ஒன்று. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், எஸ். வையாபுரிப் பிள்ளையின் உழைப்பு. அதே வருடங்களில் கல்லூரியில் தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் பட்டறையில் என்ன வேலை இருந்தது? ஏதுமில்லை. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் இந்தப் பிளவுக்கு ஒரு பதில்: இணைப்புக் கல்லூரிகள் இல்லாத, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் குடியிருக்கும் பல்கலைக்கழகம். கடலுக்கு அந்தப் பக்கமும் ஏறக்குறைய இதே பாதை. கொழும்பில் 1921இல் தொடங்கிய யூனிவர்சிட்டி காலேஜ் இருபது ஆண்டு லண்டன் தேர்வுக்கே ஆள் தயாரித்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்து, 1952இல் பேராதனைக் குன்றுகளில் குடியேறி, உள்வாரி மாணவர் என்ற புதுப் பிறவியை உண்டாக்கியது. வகுப்புக்கு வராமல் தேர்வு மட்டும் எழுதிப் பெறும் வெளிவாரிப் பட்டம் அங்கேயும் ஒழியவில்லை.

இனி எதிர்ப்பக்க வாதத்துக்கு வருகிறேன். மு. வரதராசனார் திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தர். உடல்நலம் கெட்டு வேலையை விட்டவர். கல்லூரிக்குப் போகாமல் தாமே படித்து 1935இல் சென்னைப் பல்கலைக்கழக வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாகத் தேறினார். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக இருந்துகொண்டே அடுத்த பட்டம்; 1939இல் பச்சையப்பன் கல்லூரி விரிவுரையாளர்; 1948இல் டாக்டர் பட்டம்; 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ராமானுஜனைப் பலிகொண்ட அதே தேர்வு இயந்திரம்தான் இவரை ஏற்றிவிட்டது. ராமானுஜன் தோற்ற கல்லூரியில் இவர் பாடம் நடத்தினார். எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய், வகுப்பில் எத்தனை நாள் இருந்தாய் என்று கேட்காத தேர்வு, கல்லூரிச் செலவு கட்டுப்படியாகாதவனுக்கு ஒரு வழி. வித்துவான் தேர்வு எழுதித் தமிழாசிரியர்களான தலைமுறை ஒன்றே அப்படி வந்தது.

முகம் தெரியாத திருத்துநருக்குச் சாதிச் சமூகத்தில் ஒரு மதிப்பு உண்டு. விடைத்தாளில் பெயர் இல்லை, டம்மி நம்பர்தான் இருக்கிறது. திருத்துபவர் வேறு ஊர்க்காரர். தன் சாதியும் தெருவும் தெரிந்த ஆசிரியரின் கையில் மதிப்பெண் இல்லை என்பது எத்தனையோ மாணவர்களுக்கு நிம்மதி. இதை மிகைப்படுத்தவும் கூடாது. தேர்வு மண்டபம் வரை வந்து சேர்ந்தவர்களைத்தான் அந்த நடுநிலைத் தராசு நிறுத்தது. யார் வந்து சேர்ந்தார்கள் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1916இல் பிராமணரல்லாதார் அறிக்கை எழுதப்பட்டது. ஆனாலும் இன்றைய இன்டர்னல் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் அந்தத் தராசின் அருமை தெரியும். நூற்றுக்கு இருபத்தைந்து ஆசிரியர் கையில். அது தரும் அதிகாரத்தை நல்லபடி பயன்படுத்தும் ஆசிரியர்கள் உண்டு. ‘இன்டர்னல்ல கை வெச்சிருவேன்’ என்பவர்களும் உண்டு. அதற்குப் பயந்து வகுப்பில் வாய் திறக்காத மாணவர்கள் அதைவிட அதிகம்.

1964–66இல் கோத்தாரி குழு தன்னாட்சிக் கல்லூரிகளை முன்மொழிந்தபோது, கற்பிப்பவரே மதிப்பிடட்டும் என்பதுதான் எண்ணம். 1978இல் லயோலா, சென்னைக் கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை அப்படித் தன்னாட்சி பெற்றன. சில இடங்களில் புதிய பாடங்கள், நூலக வேலை, களப்பணி என்று நல்ல மாற்றங்கள் வந்தன. பிறகு எண்ணிக்கை பெருகியது. தன்னாட்சி என்பது கல்லூரிக்குள்ளேயே ஒரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் திறப்பது என்று சுருங்கியது. சி.ஓ.இ. ஆபீஸ் வந்தது, அதே இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க் கேள்விகளோடு. 1857ஐ நாம் கலைக்கவில்லை. ஊர் ஊராகப் பிரதி எடுத்தோம். பல்கலைக்கழகங்களைப் பிரித்ததும் அதே ரகம்: மதுரை 1966, பாரதியார், பாரதிதாசன் 1982, மனோன்மணியம் சுந்தரனார் 1990. ஒவ்வொன்றும் தன் பங்குக் கல்லூரிகளுக்கு வினாத்தாள் அனுப்பியது. தொழில்நுட்பக் கல்விக்கு 1978இல் அமைந்த அண்ணா பல்கலைக்கழகம் 2001இல் இணைப்புப் பல்கலைக்கழகமாக்கப்பட்டு, நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தும் நிறுவனமாயிற்று.

தேர்வே படிப்பு என்றானபின் தோல்விக்கும் ஒரு தனிப் பண்பாடு உருவாகத்தானே செய்யும்? ‘எத்தனை அரியர்?’ என்பது பொறியியல் விடுதிகளில் நலம் விசாரிப்பு. 2020 ஆகஸ்டில், கொரோனாவை முன்னிட்டு, கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லாரும் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. முதலமைச்சருக்கு நன்றி சொல்லிச் சுவரொட்டிகள் முளைத்தன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்த்தது. 2021 ஏப்ரலில் உயர்நீதிமன்றம், அரியர் தேர்வுகளை ரத்து செய்ததை ஏற்க முடியாது, தேர்வு நடத்துங்கள் என்றது. அந்த எட்டு மாத விவாதத்தில் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று எல்லாரும் பேசினார்கள். அந்தப் பாடங்கள் அவர்களுக்குப் புரிந்திருந்தனவா என்ற கேள்வி அனேகமாக எழவேயில்லை.

ஆராய்ச்சிப் படிப்பையும் தேர்வுத் தர்க்கம் விழுங்கியது. தமிழ்நாட்டில் எம்.ஃபில். ஒரு காலத்தில் அஞ்சல் வழியிலும் கிடைத்தது. சம்பள உயர்வுக்கு வேண்டிய தாளாக ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அதை வாங்கினார்கள். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு தொலைநிலை வழியை அடைத்தது. 2022 விதிகளில் எம்.ஃபில். பட்டமே போயிற்று. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தபோது, பணம் வாங்கிப் போடும் இதழ்கள் பெருகின. அவற்றைச் சலிக்க 2019இல் மானியக் குழுவின் ‘கேர்’ இதழ்ப் பட்டியல் வந்தது. 2025இல் அதையும் எடுத்துவிட்டார்கள். தமிழ்த் துறைகளில் இதற்கு இன்னும் பழைய வடிவம் உண்டு. கருத்தரங்குக் கட்டணம் கட்டினால் நாலைந்து பக்கம் அச்சாகும் கோவை, ஒரு சான்றிதழ், மதியச் சாப்பாடு. இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றத்தின் ‘ஆய்வுக்கோவை’த் தொகுதிகளில் நல்ல கட்டுரைகளைத் தேடிப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மரபில் பழுது இல்லை, தொடக்கத்தில் அது ஆசிரியர்கள் கூடி விவாதிக்கும் இடமாகவே இருந்தது. பதவி உயர்வுப் புள்ளிக்கணக்கு உள்ளே வந்ததும் விவாதிக்க நேரமில்லாமல் போயிற்று. ஒரு நாளில் நூறு பேர் வாசிக்க வேண்டுமே.

ஸ்லேட்டரின் வாரிசாக வந்திருக்க வேண்டியது இளநிலைக் கடைசிப் பருவத்து ப்ராஜெக்ட். தேர்வின் பிடி சற்றே தளரும் ஒரே இடம் அது. ஆனால் சென்னையிலும் கோவையிலும் காசுக்குச் செய்து தரும் ப்ராஜெக்ட் சென்டர் தெருவுக்கொன்று முளைத்தது. எதனால் என்றால், வெளித் தேர்வாளர் வந்து பத்து நிமிடம் வைவா கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்பது எல்லாருக்கும் தெரியும். வழிகாட்டும் ஆசிரியர் ஒருவருக்கு முப்பது நாற்பது மாணவர்கள் இருக்கும் துறையில் வேறென்ன நடக்கும்? ஸ்லேட்டருக்கு வாய்த்தது சிறிய வகுப்பு.

2020 தேசியக் கல்விக் கொள்கை இணைப்பு முறையைப் பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாக ஒழிக்கச் சொல்கிறது. கல்லூரிகள் தாமே பட்டம் வழங்குமாம். 1857இன் அமைப்பைப் பற்றி இவ்வளவு குறை சொன்னவன் இதை வரவேற்க வேண்டும். என்னால் முழு மனதோடு முடியவில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் பாடச் சுமையின் கணிசமான பகுதியைக் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள்; ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் தொகுப்பூதிய வேலை. அடுத்த ஜூனில் இருப்போமா என்று தெரியாத ஆசிரியரிடம் பட்டம் வழங்கும் பொறுப்பைக் கொடுத்தால், நிர்வாகம் சொல்கிற மதிப்பெண்ணை மறுக்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? இணைப்பு முறை சின்ன ஊர்க் கல்லூரி மாணவருக்குத் தந்த ஒரே சொத்து, மார்க் ஷீட்டின் தலையில் அச்சான பெரிய பெயர். கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் போய் படித்து, சென்னையில் வேலைக்கு நேர்காணலுக்கு வரும் பெண்ணிடம் எந்தக் காலேஜ் என்று கேட்டுவிட்டு, பெயர் தெரியாமல் விழித்து, அடுத்து ‘எந்த யுனிவர்சிட்டி?’ என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு அவளிடம் இன்று ஒரு பதில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வதற்கு முன், நிரந்தர ஆசிரியர் இடங்களை எத்தனை வருடத்தில் நிரப்புவார்கள் என்பதற்கு ஒரு கால அட்டவணையை அரசு வெளியிட்டிருக்க வேண்டும்.